செத்த பற்றரிக்கு வைத்தியம் இல்லை

உரும்பிராய்ச் சந்தியில் நின்று, "கார் பற்றரி இறங்கிப் போச்சு" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருப்பவரிலிருந்து லாண்ட்மாஸ்டரில் வெங்காயம் ஏற்றி வருபவர் வரை எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். "அசிட்டை மாத்துங்கோ அண்ணை, இன்னும் ரெண்டு வருசம் நிக்கும்." "எப்சம் உப்பு ரெண்டு கரண்டி போட்டுப் பாருங்கோ." "புதுசு வாங்காதேங்கோ, கடைக்காரன் உங்களைப் பேய்க்காட்டுறான்." கடைசியில், மறுக்கவே முடியாது என்ற தோரணையில் ஒன்று வரும்: "சண்டைக் காலத்தில நாங்கள் திருத்தாத பற்றரியோ?"

இந்தக் கட்சியை மறுக்குமுன் அதன் முழுப் பலத்தோடும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்வது இதுதான். பற்றரி என்பது ஈயத் தகடும் அசிட்டும். தகடு உலோகம், அது கெடாது, கெடுவது அசிட். கெட்டதைக் கொட்டிப் புதியதை விட்டு ஓர் இரவு சார்ஜில் போட்டால் பற்றரி மீளும். மீளாது என்று சொல்பவர் புதியதை விற்க இருப்பவர். இதற்குச் சாட்சி எங்கள் சொந்த வரலாறு. 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். பழைய பற்றரியைத் திறந்து, கெட்ட அறையைத் தூக்கி, வேறொன்றைப் பொருத்தி ஓடினோம். பிறகு 2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது; பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற கார்களின் பற்றரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன; புதியதின் விலையைக் கேட்டவர்கள் திரும்பவும் அசிட் மாற்றுபவரிடம் போனார்கள். இல்லாமையில் பழகிய கைக்குத் திருத்தத் தெரியும் என்பதுதான் வாதத்தின் சாரம்.

இதில் சொல்லப்பட்ட சம்பவங்கள் எல்லாம் உண்மை. முடிவுதான் பிழை.

1. எது செத்தது என்று பார்க்காமல் எதைத் திருத்தப்போகிறீர்கள்?

12 வோல்ற் பற்றரி ஒரே பொருளல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும் ஆறு அறைகளின் வரிசை. ஒவ்வோர் அறையிலும் நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டு, எதிர்த்தகட்டில் பஞ்சுபோன்ற ஈயம், இரண்டையும் நனைத்து நிற்கும் சல்பூரிக்கமிலம். மின்னை எடுக்கும்போது இரண்டு தகட்டின் மேலும் ஈயசல்பேற்றுப் படியும். சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டியதும் இதுதான், இன்று உங்கள் பொனற்றுக்குள் நடப்பதும் இதுதான்.

இந்தப் போக்குவரத்து நிற்பதற்குப் பல வழிகள் உண்டு. நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் அரித்து முறியலாம். தகட்டில் பூசிய பசை உதிர்ந்து அடியில் சேறாகலாம். அந்தச் சேறோ, தகடுகளுக்கு இடையிலான தடுப்பின் கிழிசலோ ஓர் அறையைக் குறுக்குச் சுற்றாக்கலாம். அறைகளைப் பிணைக்கும் ஈயப்பட்டை அதிர்வில் வெடிக்கலாம். அல்லது சல்பேற்று நாட்பட்டுக் கல்லாக இறுகிவிடலாம். இவற்றில் ஒன்றாவது அசிட் பழசானதால் வந்ததா? இல்லை. மாற்றப்படுவதோ அசிட் மட்டும்.

தகடு உலோகம், அது கெடாது என்பவர்கள் செத்த பற்றரி ஒன்றை அறுத்துத் திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். கையுறை போட்ட விரலால் நேர்த்தகட்டைத் தொட்டதும், தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கற்றுப்போல மண்ணிறப் பசை கழன்று வந்தது. திறந்தவர் சட்டத்தை வளைத்தார்; ஈயம் வளைந்திருக்க வேண்டும், அதுவோ காய்ந்த ஈர்க்கைப்போல முறிந்தது. இதற்குள் எந்த அசிட்டை விட்டு என்ன பயன்?

2. போன அசிட் எங்கே போனது?

ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்து, "அசிட் செத்துப்போச்சு, வெறும் தண்ணி" என்று காட்டுவார்கள். அளவு சரி, விளக்கம் பிழை. முழுச் சார்ஜில் 1.250க்கும் 1.280க்கும் இடையில் நிற்க வேண்டிய அடர்த்தி 1.100இல் நின்றால், அமிலம் ஆவியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சல்பூரிக்கமிலம் ஆவியாகிப் போகாது. போவது தண்ணீர் மட்டுமே. அமிலத்தின் சல்பேற்றுத் தகட்டுக்குள் போய்க் குந்தியிருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் ஒரே வழி சார்ஜ் ஏற்றுவது.

அப்படியிருக்க மேலும் அமிலம் விட்டால் என்ன ஆகும்? ஹைட்ரோமீட்டர் உடனே நல்ல எண் காட்டும். வாடிக்கையாளர் மகிழ்வார். ஆனால் தகட்டில் சல்பேற்று அப்படியே இருக்கும். அதில் கொஞ்சம் சார்ஜில் கரைந்து வரும்போது அமிலம் அளவுக்கு மீறிக் கடுமையாகி, எஞ்சிய சட்டத்தையும் தின்னும். வெப்ப நாடுகளுக்கு அமிலத்தின் அடர்த்தியைக் குறைத்து, 1.240 அளவில் விடும் வழக்கம் இருப்பதே இந்த அரிப்பைத் தணிக்கத்தான். நாங்களோ உரும்பிராய் வெயிலில் இன்னும் ஊற்றுகிறோம். இப்போது மூடியே இல்லாமல் வரும் அடைத்த பற்றரிக்கும் மேலே துளைபோட்டு ஊற்றுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

3. "ஆனால் வேலை செய்ததே!"

வேலை செய்தது. எனக்கும் செய்தது. சரியாக ஒன்பது நாட்கள்.

பெயர் வேண்டாம், ஒரு கராஜில் அசிட் மாற்றி, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புதியதின் விலையில் மூன்றிலொரு பங்கு கொடுத்து, கெட்டித்தனம் செய்த பெருமையோடு வீடு வந்தேன். ஒன்பதாம் நாள் கொழும்புப் பயணம். ஏ-9 வீதியால் போகிற யாரும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. காரை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். டிக். டிக். டிக். பிள்ளையாரைச் சாட்சி வைத்து நான்கு பேர் தள்ளினார்கள். மீற்றர் வைத்துப் பார்த்த ஒரு வான் சாரதி, "10.5 காட்டுது அண்ணை, ஒரு அறை போய்ட்டுது" என்றார். கணக்கு அதுதான்: ஐந்து அறை, ஒவ்வொன்றும் 2.1.

ஏன் அந்த ஒன்பது நாள் கிடைத்தது? பற்றரியைக் கவிழ்த்துக் கழுவியபோது அடிச்சேறு போய்க் குறுக்குச் சுற்று தற்காலிகமாக விலகியது. இரவு முழுக்க ஏற்றிய மெதுவான சார்ஜ் எஞ்சிய தகட்டை நிரப்பியது. கவிழ்த்த வேகத்தில் உதிர்ந்த பசை மெல்ல மீண்டும் அடியில் சேர்ந்தது. கிடைத்தது தவணை.

இன்னொரு காரணமும் உண்டு. உயிர்த்தெழுந்ததாகச் சொல்லப்படும் பற்றரிகளில் பல சாகவே இல்லை. முனையில் பூத்த பச்சை வெள்ளைப் பூஞ்சணம், தளர்ந்த கவ்வி, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் துருவேறிய எர்த் வயர், வழுக்கும் அல்டர்நேட்டர் பெல்ற் எல்லாம் தரும் அறிகுறி ஒன்றுதான். அசிட் மாற்றுகிறவர் பற்றரியைக் கழற்றுகிறார், முனையைச் சுரண்டுகிறார், இறுக்கிப் பூட்டுகிறார். நோய் சுரண்டலில் போகிறது. புகழ் அசிட்டுக்குப் போகிறது.

4. சண்டைக் காலக் கார்களுக்கு முன்னால் ஓர் ஓட்டை இருந்தது.

இந்த வாதத்தைத்தான் மரியாதையோடு மறுக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். அன்று ஓடிய ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் எதையும் நினைத்துப் பாருங்கள். முன் பம்பருக்கு மேலே ஓர் ஓட்டை. அதற்குள் ஹான்டிலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் ஓடும். ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான அம்பியரைக் கக்க வேண்டிய கடமை அந்தப் பற்றரிக்கு இருக்கவில்லை. டைனமோ தன்னிடம் மிஞ்சிய காந்தத்திலேயே மின்னை உண்டாக்கத் தொடங்கும். தள்ளி விட்டாலும் போதும். பற்றரி அரை உயிரோடு கிடந்தாலும் கார் ஓடியது. அந்த ஓட்டம் ஹான்டிலின் சாதனை.

பற்றரியும் வேறு பொருள். கறுப்பு எபொனைற்றுப் பெட்டி, மேலே தார், தாருக்கு மேல் அறைகளை இணைத்த ஈயக்கட்டைகள் கண்ணுக்குத் தெரிய. தாரை உருக்கி, கட்டையை வெட்டி, ஒரு தகட்டுத் தொகுதியைத் தூக்கி, வேறொன்றை இறக்கி, ஈயத்தை உருக்கி ஒட்டலாம். திருத்துவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி. இன்றையது வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்ரிக். அறை இணைப்புகள் தடுப்புச் சுவருக்குள்ளால் ஊடுருவிப் போகின்றன. அதைத் திறக்க வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வேறுபாட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அன்று ஒரு பற்றரியிடம் நாங்கள் கேட்டது என்ன? ஒரு சின்ன பல்ப், ஒரு வானொலி. அதற்கு ஓர் அம்பியர் போதும். செத்துக்கொண்டிருக்கும் பற்றரியும் ஓர் அம்பியர் தரும், நாட்கணக்கில் தரும். அதே பற்றரியிடம் 150 அம்பியர் கேட்டால் அதன் வோல்ற் 9.6க்குக் கீழே விழும். இன்றைய காரின் கணினி விழித்துக்கொள்ளவே மறுக்கும். "திருத்தினோம்" என்ற ஒரே சொல் இரண்டு காலத்தில் இரண்டு வேலையைக் குறித்தது. தடை நாட்களில் வேறு வழியில்லாமல் செய்ததை இன்று வழியிருக்கும்போதும் செய்வது அந்த நாட்களுக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

5. எப்சம் உப்புக்கு அமெரிக்காவிலேயே வழக்கு முடிந்துவிட்டது.

கலிபோர்னியாவின் ஒக்லாண்டில் ஜெஸ் றிச்சி என்பவர் 1940களின் இறுதியில் ஏடி-எக்ஸ்2 என்றொரு தூளை விற்றார். பற்றரிக்குள் போட்டால் புத்துயிர் தரும் என்றார். அதில் பெரும்பாலும் இருந்தவை சோடியம் சல்பேற்றும் மகனீசியம் சல்பேற்றும். இரண்டாவதுதான் எங்கள் எப்சம் உப்பு. அமெரிக்கத் தேசிய நியமப் பணியகம் சோதித்துப் பயனில்லை என்றது. அரசியல் புகுந்தது. 1953இல் பணியகத்தின் இயக்குநர் அலன் அஸ்ரினைப் பதவி விலகச் சொன்னார் வர்த்தகச் செயலாளர் சின்கிளேர் வீக்ஸ். அறிவியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள், அதே வருடம் அஸ்ரின் பதவியில் நிலைநிறுத்தப்பட்டார், தேசிய அறிவியற் கழகத்தின் குழுவும் பணியகத்தின் பக்கமே நின்றது. இரண்டு கரண்டி உப்புக்காக ஒரு நாட்டின் அறிவியல் நிறுவனமே ஆட்டம் கண்ட கதை இது. எழுபது வருடம் கழித்தும் உரும்பிராய்ச் சந்தியில் அந்த உப்பு விலைபோகிறது.

டிஸ்பிரின் குளிசையை அறைக்கு ஒன்றாகப் போடும் வைத்தியத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. அமிலத்தில் அது அசற்றிக்கமிலத்தைத் தரும். அசற்றிக்கமிலம் ஈயத்தைத் தின்னும். ஒருமுறை எஞ்சின் ஓடலாம். தலைவலிக் குளிசை தலைவலிக்கே நல்லது.

6. "கொம்பனிக்காரன் ரெண்டு வருசத்தில சாகிற மாதிரித்தான் செய்யிறான்" என்றால், சாகடிப்பவர் யார்?

இது மறுபக்க வாதம். இங்கேதான் எனக்கு அதிக கோபம், ஏனென்றால் திருத்தலாம் என்ற நம்பிக்கைதான் காப்பதை மறக்கச் செய்கிறது.

முதலில் தண்ணீர். இறங்கிய மட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விடும் வீடுகளை நான் அறிவேன். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படை. அதே கல்சியம் பற்றரிக்குள் போய்ச் சல்பேற்றாகத் தகட்டில் படியும். குளோரைட்டு நேர்த்தகட்டை அரிக்கும். தண்ணீரில் கரைந்த இரும்பு ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்கு ஓடி ஓடி, கார் சும்மா நிற்கும்போதே சார்ஜைத் தின்னும். தகரக் கூரை மழைத்தண்ணீரும் சுத்தமல்ல. கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் ஒரு போத்தலின் விலை, பற்றரி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது வெப்பம். ரொறன்ரோவிலிருந்து வரும் சொந்தங்கள், "அங்கதான் குளிருக்குப் பற்றரி சாகும், இங்க என்ன?" என்பார்கள். குளிர் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும், கொல்வது வெப்பம். வெப்பநிலை 10 பாகை கூடினால் அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். பற்றரியின் மேல் அச்சடித்திருக்கும் குளிர்த் தொடக்க அம்பியர் -18 பாகைக்கு அளந்தது. உரும்பிராய் அந்தக் குளிரை ஒருநாளும் காணாது. இங்கே சூட்டில் எண்ணெய் இளகி எஞ்சின் சுலபமாகச் சுற்றுவதால், பற்றரி தன் நோயை மறைத்து வைத்திருந்து ஒருநாள் முழுதாக விழும். அதைத்தான் "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்கிறோம்.

மூன்றாவது, சும்மா நிற்கும் கார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவினருக்காகப் பத்து மாதம் வளவில் நிற்கும் கார்கள் எத்தனை! "ஒவ்வொரு ஞாயிறும் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுறம்" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். அணைத்து நிற்கும் காரின் மணிக்கூடும் அலாரமும் 30 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். நாளுக்கு 0.7 அம்பியர்-மணி, கிழமைக்கு 5. அல்டர்நேட்டர் தாராளமாக 20 அம்பியர் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவது 1.7. ஒவ்வொரு ஞாயிறும் மூன்றுக்கு மேல் நட்டம். அரைவயிற்றோடு நிற்கும் பற்றரியில்தான் சல்பேற்றுக் கல்லாகிறது. ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு எதிர்முனைக் கவ்வியைக் கழற்றி வைத்தாலே வரவு மிஞ்சும்.

7. கொட்டிய அசிட் கிணற்றுக்குத்தான் வரும்.

மற்ற ஆறும் பணத்தின் கணக்கு. இது பிள்ளைகளின் கணக்கு.

பழைய அசிட்டை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கராஜுக்குப் பின்னால், செம்மண்ணில். அது அமிலம் மட்டுமல்ல. ஈயம் கலந்த சேறு. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல், அதற்குள் எங்கள் குடிதண்ணீர். பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது நாங்கள் வீதிக்கு வந்தோம். 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. எண்ணெய் மிதக்கும், மணக்கும். ஈயம் மிதக்காது, மணக்காது, சுவையும் காட்டாது. செனகலின் தலைநகர் டக்காரை அண்டிய தியாரோயில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்த மண்ணில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இத்தனையும் சொன்னதால் நான் கடைக்காரரின் வக்கீல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருநாள் ஸ்டார்ட் தயங்கியதும் "மாத்துங்கோ" என்பவரும் அதே அளவுக்குப் பார்க்காமல் பேசுபவர்தான். விளக்கை எரியவிட்டு மறந்த பற்றரியை உடனேயே மெதுவான சார்ஜில் ஒரு நாள் போட்டால் மீளும். சல்பேற்று இன்னும் இறுகவில்லை. முனையைச் சுடுதண்ணீரால் கழுவலாம். குறைந்த தண்ணீரை நிரப்பலாம். இவை பராமரிப்பு, இவற்றைத் திருத்தம் என்று விற்பதைத்தான் எதிர்க்கிறேன். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி வேறு கதை. பிரியஸின் 28 தொகுதிகளில் கெட்டதை மட்டும் கழற்றி மாற்ற முடியும், ஏனென்றால் அது கழற்றும்படி கட்டப்பட்டது. அதைக் காட்டி, பின்பக்கம் ஒளிந்திருக்கும் அதன் சின்ன 12 வோல்ற் பற்றரியையும் திருத்தலாம் என்பது, மாட்டுக்குச் செய்த வைத்தியத்தைக் கோழிக்குச் செய்வது.

மீற்றர் ஒன்று வாங்குங்கள். அசிட் மாற்றும் கூலியை விட மலிவு. காலையில், சாவியைத் தொடுமுன், முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நல்லது. 12.2 என்றால் பாதி, சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றி ஒரு நாள் விட்ட பிறகும் 10.5 என்றால் அது செத்துவிட்டது. அதன் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கினால் அந்த ஈயம் அப்படியே புதிய பற்றரியாகும், அதனால்தான் கடையில் பழையதுக்கு விலை கழிக்கிறார்கள். மூடியைத் திறக்காமல், ஒரு சொட்டு அசிட்டையும் முருங்கை அடியில் ஊற்றாமல், முழுதாகக் கொண்டுபோய் அங்கே கொடுங்கள்.